கை தூக்காத பொம்மைகள்

எங்கள் முதலாளியின் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதன் நடுத்தட்டில், பீங்கான் வாத்துகளுக்கும் பிள்ளையாருக்கும் இடையில், ஒரு சிப்பாய் பொம்மை விறைப்பாக நின்றுகொண்டிருக்கும். பச்சை உடுப்பு, உடம்போடு ஒட்டிய துப்பாக்கி, முறுக்கிய மீசை. மீசை என் கைவேலை. விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் சாயம் பூசிய பெண்களில் நானும் ஒருத்தி. மெல்லிய தூரிகையில் மீசை இழுக்க என்னை விட்டால் ஆள் இல்லை என்று பேர். அந்த மீசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அது என் அக்கா கணவரின் மீசை. மனிதர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குச் செய்து வைத்த நினைவுச் சின்னம் அந்தப் பொம்மை.

அத்தான் பட்டாளத்துக்குப் போகும்முன் அதே பட்டறையில் சூளை அடுக்கியவர். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் ஒரு கிராமம். அதிகம் பேச மாட்டார், சிரிப்பார். அக்காவைக் கட்டிய பிறகு இருவரும் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு போர் வந்தபோது அவர் மேற்கு எல்லையில் இருந்தார்.

முதலாளி ஊர்ப் பெரிய மனிதர். எந்தக் கூட்டமானாலும் முதல் மாலை அவர் கழுத்துக்குத்தான். டாக்காவில் எதிரிப் படை ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னதும் அவருக்குத் தரையில் கால் நிற்கவில்லை. உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் போயிராதவர்களெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து, தாங்களே போய்ப் பிடித்துக் கட்டி இழுத்து வந்ததுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளி எங்களுக்கு லட்டு கொடுத்தார். "இது நம்ம ரத்தத்துல ஊறுனதும்மா. சோழ ராஜாவையே புடிச்சாந்து சேந்தமங்கலத்துல அடைச்சி வெச்சவங்க நம்ம சீமைக்காரங்க" என்றார். கை நிறைய லட்டோடு நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதுதான் தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்தார். அத்தானைக் காணவில்லையாம்.

காணவில்லை என்பது முதலாளியின் காதில் செத்துவிட்டார் என்று போய் விழுந்தது. அவருக்கு அதுதான் தேவையாகவும் இருந்தது. திட்டக்குடிப் பக்கத்தில் யாரோ ஒருவர் போரில் இறந்து, பெரிய ஊர்வலம் நடந்திருந்தது. நம் ஊருக்கு ஒரு தியாகி வேண்டாமா? அத்தானின் போட்டோவைக் கொடுத்து அச்சு எடுக்கச் சொன்னார். சூடு ஆறிய பொம்மைகள் என் முன்னால் வரிசையாக வந்து நின்றன. அழுதுகொண்டே மீசை இழுத்தேன். பிறகு முதலாளி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஊருக்கே பெருமை தேடிக் குடுத்திருக்காரும்மா உன் வூட்டுக்காரரு. கருமாதியைச் சீக்கிரம் முடிச்சிடுங்க. நான் போடற அஞ்சலிக் கூட்டத்துல வெள்ளைப் பொடவை கட்டிக்கினு வந்து ஒக்காந்தா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்."

அக்கா அசையவில்லை. "செத்தாருன்னு யாருங்க சொன்னது? காணோம்னுதான சொன்னாங்க. மாடு காணாமப் போனாக்கூட நாலு ஊரு தேடுவாங்க. என் வூட்டுக்காரருக்கு அதுகூட இல்லீங்களா?"

மறுநாளிலிருந்து இன்னும் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டாள். புருஷன் போன துக்கம் கொஞ்சமாவது தெரிகிறதா பார் என்று தெருவே பேசியது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் திரும்பி வர வேண்டும், வந்து இந்தத் தெருவில் மனிதராக நடக்க வேண்டும்.

சில வாரம் கழித்துத் தாலுகா ஆள் மறுபடி வந்தார். அத்தான் உயிரோடு இருக்கிறார், எதிரி நாட்டில் கைதியாக. அக்கா அவர் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எங்கள் தெருவில் அன்று சிரித்தது அவள் மட்டும்தான். தியாகி கைநழுவிப் போன ஏமாற்றம் ஊருக்கு. எதிரி பிடிபட்டதற்கு லட்டு தின்ற அதே வாய்கள், நம் ஆள் பிடிபட்டார் என்றதும் உதட்டைப் பிதுக்கின. கூட்டம் ரத்தாயிற்று. முதலாளி பட்டறைக்குள் வந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "நம்ம பொம்மையே கை தூக்காது. இவரு தூக்கிட்டு நின்னாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். அதில் ஒரு விஷயம் இருக்கிறது. கையைத் தூக்கிய பொம்மையை எங்கள் சூளையில் வேகவைக்க முடியாது. சூட்டில் கை தொய்ந்து தொங்கிவிடும், இல்லையென்றால் விரிசல் விடும். அதனால்தான் எல்லாப் பொம்மைக்கும் கையை உடம்போடு ஒட்டியே அச்சு எடுப்போம். அது களிமண்ணின் பலவீனம். அதைப் போய் வீரம் என்று நினைத்துக்கொண்ட ஒரு மனிதரிடம் நான் கூலி வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சேந்தமங்கலத்துக் கதையைப் பிற்பாடு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். சோழ அரசன் பிடிபட்டது உண்மைதான். அவனை மீட்க இன்னொரு அரசன் படையோடு வந்தானாம். சரி, அவனோடு பிடிபட்ட சிப்பாய்களை மீட்க யார் வந்தார்கள்? அவர்கள் பெண்டாட்டிகளை எந்த ஊர்ப் பெரிய மனிதர் வெள்ளைப் புடவை கட்டச் சொன்னார்? பிடித்தவன் தன் பெருமையைக் கோயில் சுவரில் வெட்டி வைக்கிறான். பிடிபட்டவனுக்குச் சுவரும் இல்லை, உளியும் இல்லை. எந்தக் காலத்துப் போரானாலும் இதே கேவலம்தான். சண்டைக்குப் போகாதவன்தான் சாவுக்கு விலை பேசுகிறான்.

ஓராண்டுக்கு மேல் ஆகி அத்தான் வந்தார். ஜங்ஷனுக்கு அக்காவும் நானும் மட்டும் போனோம். ஆள் பாதியாகியிருந்தார். இடது கால் வளைந்திருந்தது. பட்டாளம் அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மீசை இல்லை. என் மீசைகளை நினைத்து எனக்குக் கூசியது. தெருவில் நடக்கும்போது வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அத்தான் அதைக் கவனித்தார்.

கால் கொஞ்சம் தேறியதும் பழைய சூளை வேலை கேட்டு முதலாளியிடம் போனார். அக்காவும் கூடப் போனாள். நான் பக்கத்துக் கொட்டகையில் சாயம் குழைத்துக்கொண்டிருந்தேன்; அறைக் கதவு திறந்தே இருந்தது. முதலாளி உட்காரச் சொல்லவில்லை.

"வேலை தரேன்ப்பா. ஆனா பொங்கலுக்குக் கூட்டம் போடறேன். மேடையில வந்து, மயக்கமா கெடந்தப்ப புடிச்சிட்டாங்கன்னு சொல்லிடு. கை தூக்கினதைச் சொல்லாத. ஊரு மானம் போவுது."

"மயக்கமில்லீங்க மொதலாளி. தோட்டா தீந்துடுச்சி. சுத்தி நின்னாங்க. எங்க சுபேதாரு தூக்கச் சொன்னாரு, தூக்கினோம்."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "தூக்கறதுக்கு முன்னாடி ஒரு குண்டை வாங்கிக்கினு போயிருக்கக் கூடாதா? எவ்ளோ ஏற்பாடு செஞ்சி வெச்சிருந்தேன்!"

அத்தான் நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சொன்னார். கோபமே இல்லை அந்தக் குரலில்.

"அங்க அடிச்சாங்க, மொதலாளி. பட்டினி போட்டாங்க. ஆனா நீ ஏன் சாவலன்னு அங்க ஒருத்தனும் என்னைக் கேக்கல."

கொட்டகையில் தூரிகைகள் நின்றுவிட்டன. அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க, போவலாம்" என்றாள். இருவரும் பட்டறை வாசல் வழியாக, எங்கள் எல்லோர் முன்னாலும், மெதுவாக நடந்து போனார்கள். அவர் காலுக்கு அவ்வளவுதான் வேகம். அதற்காக அவள் கொஞ்சம்கூட அவசரப்படுத்தவில்லை.

அத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை வைத்து, மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார். முதலாளி தொண்ணூறைத் தொட்டுவிட்டு, மெத்தையில் படுத்தபடி போய்ச் சேர்ந்தார். ஊரே திரண்டு போயிற்று, வெடி போட்டார்கள், மேளம் அடித்தார்கள். இத்தனை வருஷம் நீ ஏன் சாகவில்லை என்று அவரை யாரும் கேட்டதில்லை.