‘ஏலாது’ என்று சொல்லத் தெரிந்தவர்

செய்தி எங்கள் சபையின் ஆண்டுவிழாக் குழுவின் வாட்சப்பில் வந்தது. ஜெபரட்ணம் அண்ணை அன்று காலை வேலைக்குப் போகும் வழியில் மாரடைப்பால் காலமாகிவிட்டார் என்று போதகர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றுக்கு நடுவே ஒருவர், விழாச் சிற்றுண்டிக்கு ரோல்ஸ் ஓர்டர் கொடுப்பதா இல்லையா என்று கேட்டிருந்தார். இன்னொருவர் அதற்குப் பதிலும் போட்டிருந்தார். நான் அப்போது ஹனோவர் ரயில் நிலையத்தில் நின்றேன். கைப்பேசியைத் தண்டவாளத்தில் எறிந்துவிடலாம் போலிருந்தது.

நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எரிச்சலோடுதான் எழுதுகிறேன். அதில் பாதி எரிச்சல் அண்ணை மேலேயே உண்டு. அவரோடு பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. யாரிடம் என்ன உதவி கேட்டாலும் ‘பாப்பம்’ என்பார்கள். வரமாட்டார்கள் என்று கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். ஆனாலும் முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதை இல்லை. சபைச் செயலாளராக இருக்கும் எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஜேர்மன்காரர்களின் தேவாலய மண்டபம் ஞாயிறு பின்னேரங்களில் மட்டும் எங்களுக்குக் கிடைக்கும். கதிரை போட, தேநீர் ஊற்ற, பிறகு கூட்டிக் கழுவ ஆள் தேவை. பத்துப் பேர் ‘பாப்பம்’ என்பார்கள். கடைசியில் நானும் மனைவியும் கூட்டுவோம்.

ஜெபரட்ணம் அண்ணை அப்படிச் சொல்வதே இல்லை. பொருளாளராக இருக்கச் சொல்லி நான் முதன்முதலில் கேட்டபோது, புன்சிரிப்போடு “ஏலாது தம்பி” என்றார். அவ்வளவுதான். வேலை, முதுகுவலி, பிள்ளையின் படிப்பு என்று ஒரு சாட்டும் சொல்லவில்லை. ஏதாவது சாட்டுச் சொல்வார், சமாதானமாகிவிடலாம் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் என் மனைவியைச் சுகம் விசாரித்துவிட்டுப் போய்விட்டார். பாடகர் குழுவுக்கும் அதே பதில், கட்டட நிதிக் குழுவுக்கும் அதே பதில். பாண் சுடும் பெரிய ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் விடியற்காலை வேலை செய்கிறவர், மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார், இவருக்கு என்ன குறை என்று நாங்கள் முணுமுணுத்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே முணுமுணுத்தேன்.

கட்டட நிதி விஷயத்தில் அவரை விடுவதில்லை என்று தீர்மானித்து, ஒரு வியாழக்கிழமை நேரே வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி மேரி அக்கா, அவர் பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார். நோயாளிக்காக ஜெபிக்கப் போயிருக்கிறார் போலும் என்று மனம் கொஞ்சம் இளகியது. போய்ப் பார்த்தால், சாப்பாட்டு அறை மேசையில் சிவபாதம் ஐயா என்ற முதியவரோடு கடதாசி விளையாடிக்கொண்டிருக்கிறார். நம்மூர் முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம். ஐயா துரும்பை ஓங்கி அடித்தபோது மேசையில் இருந்த கோப்பை ஆடியது.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் அச்சிட மாட்டார்கள். அண்ணையை நடைபாதைக்கு அழைத்து வந்து, சபை வேலை மலைபோல் கிடக்க இங்கே கடதாசி அடிக்கிறீர்களா என்று கேட்டேன். அதுவும் ஐயா எங்கள் சபையைச் சேர்ந்தவரும் இல்லை. வருடம் தவறாமல் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போய்வந்த சைவர். பக்கவாதம் வந்ததில் ஒரு பக்கக் கையும் காலும் போனதோடு, முப்பது வருடமாகப் பேசிய ஜேர்மன் மொழியும் போய்விட்டது. தமிழ் மட்டும் மிஞ்சியது. பிள்ளைகள் லண்டனில். அந்தக் கட்டடத்தில் அவரோடு பேசக்கூடியவர் ஒருவரும் இல்லை. அண்ணை வரும் அந்த ஒரு பின்னேரம்தான் அவருக்கு வாய் திறக்கும் நேரம். இதையெல்லாம் அண்ணை சாதாரணமாகச் சொன்னார்.

“வேலை முடிஞ்சு வந்தால் எனக்கு ஒரு ஆளுக்குத்தான் பலம் இருக்கு தம்பி. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குடுத்தால் ஒருத்தருக்கும் காணாது.”

நானும் விடவில்லை. கர்த்தருடைய வேலை அப்போது யார் செய்வது என்று கேட்டேன்.

“ஒருநாள் காலமை சீஷர்மார் வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகினம் எண்டு ஆண்டவரிட்டைச் சொன்னவை. அவர் பாப்பம் எண்டோ சொன்னவர்? அடுத்த ஊருக்கெல்லோ வெளிக்கிட்டவர்” என்றார்.

ஆண்டவருக்கு மண்டபச் சாவி எடுக்கிற வேலை இருக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கும் அதே கேள்விதான் எனக்கு. எல்லாரும் அவரைப் போல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கதவை யார் திறப்பது? அவர் அதற்குப் பதில் சொல்லாமலே போய்விட்டார்.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். என் மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்த அன்று, வருவதாகப் பலர் சொல்லியிருந்தார்கள். அன்று காலை கைப்பேசி நிறைய வேத வசனங்களும் பூப்படங்களும் வந்தன. அண்ணையிடம் நான் தயங்கித்தான் கேட்டிருந்தேன். “ஓம், வாறன்” என்றவர் வேலையில் லீவு போட்டுவிட்டு வந்து, வைத்தியசாலை நடைபாதையில் என் பக்கத்தில் மாலை வரை இருந்தார். கைப்பேசியை ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை. இடையில் ஒரு முறை ஜெபித்தார், அதுவும் சுருக்கமாக. வேறு எங்கோ போக வேண்டியவர் போல் அவர் இருக்கவே இல்லை.

இறுதிச் சடங்கு நடந்த மயானச் சிற்றாலயத்தில் எங்களுக்குத் தந்த நேரம் கொஞ்சம். ஒவ்வொரு குழுவின் சார்பிலும் ஒருவர் பேசினார். அவர் சேர மறுத்த குழுக்கள்தான் எல்லாம். “நேரம் காலம் பாராமல் ஓடியோடி உழைத்தவர்” என்று ஒருவர் வாசித்தார். வேறு யாருக்கோ எழுதி வைத்திருந்த பேச்சாக இருக்க வேண்டும். நேரம் பார்த்து வாழ்ந்த ஒரே மனிதரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்கிறார்களே. அடுத்த சடங்குக்காரர்கள் வெளியே காத்து நின்றதால் மேரி அக்காவுக்குப் பேச இடமே கிடைக்கவில்லை.

மண்ணெல்லாம் போட்டு முடிந்த பிறகு அக்கா என்னிடம் வந்தார். “தம்பி, அந்த ஐயாவுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை” என்றார். நூறு பேருக்கு மேல் செய்தி அனுப்பிய எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. போன வியாழன் ஐயா பின்னேரம் முழுக்கச் சாப்பாட்டு அறையை விட்டு எழும்ப மறுத்துவிட்டாராம். இல்லத்தில் இருந்து அக்காவுக்குத்தான் அழைத்திருக்கிறார்கள். யாராவது போக ஏலுமோ என்று அக்கா கேட்டார்.

அடுத்த வியாழன் நான் போனேன். ஐயா மேசையில் கடதாசிக் கட்டோடு இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பிறகு நல்ல கையால் மெதுவாகக் கட்டைக் கலைத்து எனக்கும் போட்டார். எங்கள் வீட்டில் கடதாசி பாவம் என்று வளர்த்ததால் எனக்கு விளையாடவே தெரியாது. அவர் திட்டித் திட்டிச் சொல்லித் தந்தார். எழும்பும்போது, “அடுத்த கிழமையும் வருவீரோ?” என்று கேட்டார்.

‘பாப்பம்’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு “ஓம், வாறன்” என்றேன்.

இந்த மலரோடு ஜெபரட்ணம் அண்ணை நினைவுக் குழு ஒன்றும் அமைகிறது. என்னைக் கேளாமலே என் பெயரைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். கூட்டம் வியாழக்கிழமைகளில் என்று அறிகிறேன். அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரேயொரு சொல். அதை அவர் சொன்ன மாதிரியே, சாட்டுச் சொல்லாமல் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஏலாது.