"கூடாது" அணியில் நான்

அப்போதெல்லாம் எந்த சானலைத் திருப்பினாலும் அதே சண்டைதான். தாலி கட்டாமல் ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைச் சட்டம் ஏற்கலாமா, கூடாதா? ராயபுரத்தில் எங்கள் தெரு மன்றத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்தப் பொங்கலுக்கு அதையே பட்டிமன்றத் தலைப்பாக்கிவிட்டார்கள். நான் காலேஜ் இரண்டாம் வருஷம். வாய் கொஞ்சம் நீளம். என்னைக் "கூடாது" அணியில் போட்டார்கள்.

அந்த மாதிரி வாழ்க்கை பணக்காரப் பிள்ளைகள் ஃபிளாட்டில் நடத்துவது என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான் என்று, சத்தியமாகச் சொல்கிறேன், தோன்றவே இல்லை. அம்மாவுக்குத் தாலி கட்டியவன் எனக்கு இரண்டு வயதாகும்போது ஓடிவிட்டான். அவன் எங்கேயோ உயிரோடு இருந்ததால் மாதா கோயிலில் மறுகல்யாணம் கிடையாது, அது இல்லாமல் வேறொருவரோடு வாழ்ந்தால் பூசையில் கொடுக்கும் நன்மை அப்பமும் கிடையாது என்றுவிட்டார் பங்குச் சாமியார். அதற்கப்புறம் எங்களோடு வந்து சேர்ந்தவர்தான், நான் அப்பாவாக நினைத்துக் கூப்பிடும் நைனா. ஹார்பரில் மூட்டை இறக்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் நன்மை வாங்கப் போகும்போது அம்மா மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். கேட்டால் முட்டிவலி என்பாள். நானும் நம்பினேன், மடச்சி.

பட்டிமன்றத்தன்று முதல் வரிசையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நைனா வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். நான் மைக்கைப் பிடித்து, "கழுத்தில் தாலி இல்லாமல் ஒருவனோடு குடித்தனம் நடத்துபவளை ஊர் என்ன பேர் சொல்லிக் கூப்பிடும்?" என்று முழங்கினேன்.

"ஒங்கம்மா பேரச் சொல்லி!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

கூட்டம் சிரித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த காகிதத்தில் ஒரு எழுத்தும் தெரியவில்லை.

அம்மா எழுந்தாள்.

"ஆமாண்டா, எம் பேருதான். இன்னா இப்போ? தாலி கட்னவன் கைக்கொழந்தையோட வுட்டுட்டு ஓடிப்பூட்டான். கட்டாதவன் பதினாறு வருசமா வேல முடிஞ்சா நேரா வூட்டுக்கு வந்துகினு கீறான். இதுல எவன்டா புருசன்? நீ சொல்லு!"

நைனா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாத்துக்கு கண்ணு நிறுத்திக்கின? எழுதிக்கினு வந்தத முழுசா பேசு. நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்" என்றார்.

காகிதத்தில் பாக்கியிருந்ததெல்லாம் இன்னும் கேவலமான வரிகள். அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். "நடுவர் அவர்களே, எங்கம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் தோற்றுவிட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வீடு வரைக்கும் தேம்பிக்கொண்டே நடந்தேன். அம்மா, "வுடுடி, கழுத" என்று முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். நைனாவுக்குத்தான் மனசே ஆறவில்லை.

"சூப்பரா ஆரம்பிச்ச கண்ணு. அப்படியே பேசிக்கினு போயிருந்தா நீதான் கெலிச்சிருப்ப."

அம்மாவையும் அவரையும் ஏசித்தான் நான் ஜெயித்திருக்க முடியும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் ஜெயிக்கவில்லையே என்றுதான் அவருக்கு வருத்தம். அந்த மனுஷனை எங்களுக்குக் கொடுத்ததற்கு மாதாவிடம் தினமும் நன்றி சொல்கிறேன், எந்தச் சாமியார் என்ன சொன்னாலும் சரி.