பழி சுமந்த கருவாடு

துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் நாங்கள் நான்கு பேர் ஒரே ரூமில் இருக்கிறோம். லீவு முடிந்து வந்த செல்வம், அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டைச் சமையலறையில் வைத்தான். மறுநாளே அங்கே அழுகல் வாடை.

"நல்லாக் காஞ்சதுண்ணே, அது நாறாது" என்றான். நான் கேட்காமல் பொட்டலத்தைக் குப்பையில் எறிந்தேன். வாடை போக ஊதுபத்தி வேறு கொளுத்தி வைத்தேன்.

அடுத்த நாளும் வாடை போகவில்லை. வாசலுக்கு வந்த வாட்ச்மேன்தான், "பாய், கேஸ் லீக்!" என்று கத்தினார். அடுப்புக்குப் பின்னால் ரப்பர் குழாய் வெடிப்பு விட்டிருந்தது. கேஸ் கசிந்த அறையில்தான் நான் ஊதுபத்தி கொளுத்தியிருக்கிறேன்; தீப்பிடிக்காமல் போனதே பெரிய அதிர்ஷ்டம்.

இப்போது மாதம் ஒருமுறை குழாயில் சோப்பு நுரை தடவிப் பார்க்கிறேன். செல்வத்திடம் மன்னிப்பும் கேட்டேன். "பரவால்லண்ணே" என்றான். ஆனால் அதன்பிறகு இரண்டு முறை ஊருக்குப் போய்வந்தும், அவன் எதையும் கொண்டுவரவில்லை.