மெஷின் விற்பனைக்கு இல்லை

என் கணவரின் இடது கையில் இரண்டு விரல்கள் அறுபட்ட அதே கிழமை, அந்த மரம் அரியும் மெஷினை விற்றுவிடச் சொல்லி ஊரில் பாதி எங்கள் வளவுக்கு வந்துபோனது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: இரத்தம் குடித்த மெஷின், இனி அடங்காது. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு அதையே இன்னொரு தரம் சொன்னார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். வருகிறவர்களும் குறைந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் வளவு வாவியின் எழுவான்கரைப் பக்கம், சூரியன் எழும்புகிற கரையில் இருந்தது. வளவும் வீடும் எனக்குச் சீதனமாக வந்தவை. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். அப்படி வந்தவர் தன்னோடு கொண்டுவந்த சொத்து அந்த மெஷின். வார்ப்பிரும்பு மேசை, நடுவில் வட்டவாள், கீழே மோட்டார். இங்கிலாந்தில் செய்தது, எங்கள் இருவரையும்விட வயது கூடியது. அக்கரையான படுவான்கரைக் காட்டிலிருந்து வரும் முதிரையையும் சமண்டலையையும் கதவு நிலைக்கும் யன்னலுக்கும் அளவாக அதில் அரிந்து கொடுப்போம். 'கொடுப்போம்' என்று வேண்டுமென்றுதான் எழுதுகிறேன். அவர் முன்னால் நின்று மரத்தைத் தள்ளுவார். நான் பின்னால் நின்று அரிபட்டு வருவதை வாங்குவேன். பதினொரு வருடம் வாங்கினேன். ஊரில் யாரைக் கேட்டாலும் அவர் தச்சுவேலை செய்கிறார், நான் வீட்டில் சும்மா இருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள்.

மேசையின் மேல், வாளுக்குப் பக்கத்தில் நீளமான இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும். பட்டறைக்காரர் அதைக் கைட் என்பார்கள். மரம் அதை ஒட்டியபடி போனால்தான் நேராக அரிபடும். வாளுக்கும் கைட்டுக்கும் இடையிலுள்ள தூரம் முன்னாலும் பின்னாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பின்னால் குறைந்தால் மரம் நடுவில் நெரிபட்டு உரசிக் கருகும். அதற்கு மேலும் நெரிபட்டால், தள்ளுகிறவரின் பக்கமே பாய்ந்து திரும்பும்.

எங்கள் பலகைகள் ஏழெட்டு மாதமாகக் கருகித்தான் வந்துகொண்டிருந்தன. பின்னால் நின்று வாங்குகிறவள் நான். விளிம்பில் கறுப்புக் கோடு இருப்பதும், கை வைத்தால் சுடுவதும் எனக்குத்தான் தெரியும். அவரிடம் சொன்னேன். வாள் மழுங்கியிருக்கும் என்றார். வாளைத் தீட்டினார். பிறகும் கருகியது. பிறகும் சொன்னேன். மரம் ஈரமாயிருக்கும் என்றார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது, அதற்கு மேல் போகவில்லை. ஒருநாள் ஒரு முதிரைப் பலகை பாய்ந்து திரும்பியது. பலகையைத் தடுக்கப் போன கை வாளில் விழுந்தது.

அந்தப் பலகையை நான் அடுப்புக்குப் போடவில்லை. ஒரு பக்க விளிம்பு முழுக்கக் கருகியிருந்தது. ஆசுபத்திரியிலிருந்து அவர் வந்ததும் அதைக் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. கட்டுப்போட்ட கையோடு இருக்கிற மனுசனிடம் ஆத்திரப்படக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வந்தது.

அவருடைய அண்ணன் பழுகாமத்தில் வயல் செய்தவர். தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். கிழமைக்கு இரண்டு தரம் தோணியில் வாவியைக் கடந்து தயிரும் நெல்லுமாக வருவார். நல்ல மனுசன், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. மெஷினை வாங்க ஆள் பிடித்ததும் அவர்தான். மண்டூர்க் கோயில் தீர்த்தத் திருவிழா முடிந்ததும், மரம் விற்கிற மரக்காலைக்காரர் ஒருவர் வண்டியோடு வந்து ஏற்றுவதாகப் பேச்சு. தம்பி தலையாட்டிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

நான் இருவருக்கும் முன்னால் போய் நின்றேன். மெஷின் அவருடையதாக இருக்கலாம், அது நிற்கிற நிலம் என்னுடையது, ஏற்ற வருகிறவர் என்னைக் கேட்டுத்தான் படலையைத் திறக்க வேண்டும் என்றேன். பிறகு சொல்ல வேண்டியதைக் கணவரைப் பார்த்துச் சொன்னேன்.

"மெஷினில பிழையில்ல. கைட்டிலதான் பிழை. புதுக் கைட் ஒண்டு போடுவம். நான் முன்னால நிண்டு அரியிறன்."

அண்ணன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பேன். தீர்த்தம் வரைக்கும் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோணிக்குப் போனார். தீர்த்தத்துக்கு ஒரு மாதம்கூட இருக்கவில்லை. அதற்குள் கருகாத பலகை ஒன்றை அரிந்து காட்டாவிட்டால் மெஷின் போய்விடும். மெஷின் போனால் என் கணவர் வேறு யாருடைய பட்டறையிலாவது தூள் கூட்டுகிறவராகிவிடுவார். அதைப் பார்த்துக்கொண்டு நான் இருக்க மாட்டேன்.

முதலில், மெஷின் விற்ற கொழும்புக் கடைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவித்தேன். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றிருந்த காலம். இந்தச் சாதி மெஷினையே இப்போது செய்வதில்லை, உதிரிப்பாகம் கிடைக்காது, பழைய இரும்பாக விற்றுவிடுவது நல்லது என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஊர்ச் சனம் தமிழில் சொன்னதையே அவர்கள் தட்டச்சில் சொன்னார்கள்.

அடுத்தது, பட்டணத்தில் ஒரு பழைய இரும்புக் கடை. உடைத்த மெஷின் ஒன்றின் கைட், மேசைத் துண்டோடு அங்கே இருந்தது. பச்சை வர்ணம்கூட உரியாமல், பார்க்க ராசா மாதிரி. முன்னால் ஒரு பிடியை அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். கணவருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. விபத்துக்குப் பிறகு அவர் முகம் தெளிந்ததை அன்றுதான் கண்டேன். கடைக்காரர் எல்லாவற்றையும் அவரைப் பார்த்தே விளக்கினார். நான் பின்பக்கமாகப் போய், பூட்டியிருந்த கைட்டின் பின்நுனியை, அதன் வால்முனையை, ஒற்றை விரலால் தள்ளினேன். நகர்ந்தது. கடைக்காரர் அது ஒரு பிழையே இல்லை என்றார். அந்த இடத்துக்கு வரும்போது மரம் அரிபட்டு முடிந்திருக்கும், பிறகு எப்படிப் போனால் என்ன என்றார்.

"அரிபட்டு முடிஞ்ச மரந்தான் இவர்ர விரலை எடுத்தது," என்றேன்.

கடைக்காரர் அப்போதுதான் என்னை முதல் தரம் பார்த்தார். நாங்கள் வெறுங்கையோடு திரும்பினோம். பஸ்ஸில் கணவர் வேறு ஆசனத்தில் போய் இருந்தார். அந்தப் பச்சைக் கைட்டை நானும்தான் ஆசையாகப் பார்த்தேன். ஆனால் எங்கள் பழைய கைட்டும் முன்னால் மட்டும் பூட்டுகிறதுதான், பின்னால் அதன் கொளுக்கி தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற ஒன்றைக் கழற்றி ஆடுகிற இன்னொன்றைப் பூட்ட எனக்கு என்ன விசரா?

கடைசியில் டிராக்டர் திருத்துகிற ஒருவரிடம் போனேன். நான் கேட்டது இவ்வளவுதான்: தடித்த மூலை இரும்பில் நேரான கைட் ஒன்று, முன்னாலும் பின்னாலும் பக்கத்துக்கொரு போல்ட். ஒவ்வொரு தரமும் இரண்டு பக்கமும் அளந்து, இரண்டு பக்கமும் சாவி போட்டு இறுக்க வேண்டிவருமே, நேரம் போகுமே என்றார். போகட்டும் என்றேன். செய்து தந்தார். அதைப்போல அவலட்சணமான சாமானை நான் பார்த்ததில்லை. ஒட்டு வைத்த இடமெல்லாம் கட்டிகட்டியாக வீங்கி இருந்தது. பூட்டிவிட்டு வால்முனையைத் தள்ளினேன். பிறகு தோளைக் கொடுத்தும் தள்ளினேன். அசையவில்லை.

மரம் உரசிப்போக இரும்பின் முகத்தில் ஒரு தேக்குப் பலகையைத் திருகாணி முறுக்கிப் பொருத்த வேண்டும். அதைப் பொருத்துகிற அன்று அண்ணன் வந்தார். தானே முறுக்கித் தருவதாகச் சொன்னார். மனம் மாறிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். மீன் ஆணம் காய்ச்சி, சோறு போட்டேன். நான் குசினியில் நின்ற நேரத்தில் அவர் வேலையை முடித்துவிட்டார்.

மறுநாள் காலை, இருவரும் பார்த்திருக்க, நான் முதல் தரமாக மெஷினுக்கு முன்னால் நின்றேன். கணவர் பின்னால் நின்றார். பலகை பாதி போனதும் கருகல் மணம் வந்தது. மெஷினை நிற்பாட்டினேன். விளிம்பு கறுத்திருந்தது.

அண்ணன் பயந்துபோனார். போதும், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். கணவர் பலகையை நிலத்தில் வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவினேன். வாளின் ஒரு பல்லில் சுண்ணாம்பு தொட்டு, அந்தப் பல்லை முன்னால் நிறுத்தி, அதற்கும் கைட்டுக்கும் இடையில் மட்டாக நிற்கும்படி ஈர்க்கை நறுக்கினேன். பிறகு கையால் வாளைச் சுற்றி, அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் அதே ஈர்க்கை வைத்தேன். நுழையவில்லை. ஒரு நெல்லின் தடிப்பு அளவுக்குப் பின்னால் குறைந்திருந்தது. இரும்பை அளந்தேன், இரும்பு சரி. தேக்குப் பலகைதான் பின்பக்கம் புடைத்து நின்றது.

ஆணிகளைக் கழற்றினேன். வேண்டாம் என்று அண்ணன் ஒரு எட்டு முன்னால் வந்து, பிறகு நின்றுவிட்டார். பலகைக்குப் பின்னால், வால்முனையில், மஞ்சள் துணியில் சுற்றி நாலாக மடித்த செப்புத் தகடு இருந்தது. காவல். எங்கள் பக்கம் புதுத் தோணிக்கும் வளவுக்கும் காவல் பண்ணுவார்கள். மந்திரித்த தகட்டை ஈசான மூலையில் மறைத்து வைப்பார்கள். வைத்தவர் வெளியே சொன்னால் அது பலிக்காது. மெஷினின் பின்பக்கம் எங்கள் வளவின் ஈசான மூலையைப் பார்த்துத்தான் நின்றது.

நான் மெஷின் கொட்டிலின் ஓரத்தில் கிடந்த பழைய கைட்டை இழுத்து வந்து, அதன் முகப்பலகையையும் கழற்றினேன். அங்கேயும் ஒன்று இருந்தது, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போய். வேலை கூடிவந்த நாளில் தம்பிக்குக் கண்ணூறு படக் கூடாது என்று அண்ணன்தான் வைத்தாராம். எப்போது என்று கேட்டேன். சொன்னார். பலகை கருகத் தொடங்கியதற்கு முன்மாதம்.

அவர் மெஷினைப் பார்க்கவில்லை. தம்பியின் கையைப் பார்த்தார்.

"என்னாலயா மச்சாள்?"

கணவர் அவருக்குப் பின்னால் நின்று, இல்லை என்று சொல்லும்படி கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். தேய்ந்த கொளுக்கியின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அதிலும் பாதி உண்மை இருந்தது. ஆனால் இந்த மனுசன் தம்பியின் மேல் வைத்த பாசத்தில் நாளைக்கே மூன்றாவது தகட்டோடு தோணியேறுவார். யாருக்கும் சொல்லவும் மாட்டார். எட்டு மாதம் என் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இனி என் வாயால் பொய் வராது என்று முடிவெடுத்தேன்.

"ஓம் அத்தான். கைட் ஆடினதும் ஒரு காரணந்தான். ஆனா உங்களாலயுந்தான்."

அவர் மரக்குற்றியில் இருந்துவிட்டார். என் கணவர் அன்று என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை, அதற்காக வருந்தவுமில்லை. நான் தேக்குப் பலகையைத் திரும்பவும் முறுக்கினேன். ஈர்க்கை வைத்துப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் ஒரே மட்டு.

அண்ணன் எழும்பினார். மரக்காலைக்காரரை வரவேண்டாம் என்று தானே போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். படலை வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். புதுத் தகடு இன்னும் அவர் கையில் இருந்தது.

"காவல் இல்லாம எப்படி மச்சாள் நீங்க அதுக்கு முன்னால நிப்பீங்க?"

அதைக் கேட்ட பிறகு என்னால் சண்டை பிடிக்க முடியவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

"காவல் வேணுமெண்டா என்ட புயத்துல கட்டுங்க. மெஷினில கை வெக்காதீங்க."

தம்பி பெண்சாதியின் புயத்தில் அவர் கட்டுவது முறையில்லை. தகட்டையும் நூலையும் தம்பியிடம் கொடுத்தார். நுனி ஒன்றும் தொங்கக் கூடாது, வாள் இழுக்கும் என்றேன். என் கணவர் வலக்கையாலும் இடக்கையில் மிஞ்சிய மூன்று விரலாலும் பல்லாலும் அந்த முடிச்சைப் போட்டார். முதல் தரம் அவிழ்ந்தது, இரண்டாம் தரமும் அவிழ்ந்தது. அண்ணன் உதவ வந்த கையை நான் பார்வையாலேயே நிறுத்தினேன். மூன்றாம் தரம் இறுகியது.

நான் மெஷினைப் போட்டேன்.