கதிர் வந்த வயலில் என் கணவர்

என் கணவர் கமாண்டோவாக இருந்தவர். குண்டடிபட்டு உயிர் பிழைத்த கதையைப் புத்தகமாக எழுதினார். போன வாரம் இணையத்தில் ஒருவர் அதற்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, "எல்லாம் கற்பனை, நம்பும்படி இல்லை" என்று எழுதிவிட்டார். அதிலிருந்து இவர் புத்தகப் பேச்சையே எடுப்பதில்லை.

இன்று காரைக்கால் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா அந்தப் புத்தகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

எட்டிப் பார்த்தேன். காலில் குண்டோடு, எல்லையோர நெல்வயலில் இரவு முழுக்க இவர் ஊர்ந்து போகும் இடம்.

அக்கா 'ச்சு' கொட்டினார்.

"பாவமா இருக்குல்லக்கா?"

"பாவந்தான். ஆனா கதிர் வந்த வயல்ல இப்படியா உருளுவாரு? காலையில வயக்காரங்க வந்து பாத்தா வயிறு எரியாது? வரப்போரமா போயிருக்கலாம்ல?"

"வரப்புல போனா சுட்டுருவாங்கக்கா!"

"அதுவும் சரிதான். இருந்தாலும் நெல்லும்மா."

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "எழுதுனது எங்க வீட்டுக்காரர்தான்" என்றேன்.

வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, "கால் ஆறிடுச்சாம்மா?" என்றார். ஆறிவிட்டது என்றதும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

வரிச்சிக்குடியில் இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "அந்த வயக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் மனுஷர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஒற்றை நட்சத்திரக்காரரே, உங்கள் சந்தேகம் எங்கள் ஊரில் எடுபடாது. இங்கே ஒவ்வொரு வரியையும் நம்பி, சாய்ந்த கதிருக்கு நியாயம் கேட்கிறார்கள்.

அடுத்த பதிப்பில் அந்த வயல்காரரிடம் மன்னிப்பு கேட்டு ஒரு வரி சேர்க்கலாமா? நாற்று நட்டவர்கள் மட்டும் பதில் சொல்லவும்.