போர்டு இல்லாத மெஸ்

இரண்டாயிரத்து நாலு அல்லது ஐந்தாக இருக்கும். அப்போது நான் துபாயில் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் மெக்கானிக். மஸ்கட்டில் ரூவி என்ற இடத்தில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு கோல்டு ரூம், அதாவது குளிர்பதன அறை, அமைக்க என்னைத் தனியாக அனுப்பினார்கள். நல்ல கோடைக்காலம். வெயிலுக்கும் வேலைக்கும் நான் பயப்படவில்லை, பயமெல்லாம் வயிற்றைப் பற்றித்தான்.

எனக்கு அல்சர். அந்த வருடம்தான் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்திருந்தேன். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், காரமும் எண்ணெயும் ஆகாது, மறுபடி கசிந்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் சொல்லிவிடு, வேறு ஆள் இருக்கிறான் என்று மேனேஜர் வேறு சொல்லியிருந்தார். அதற்கு அர்த்தம் ஊருக்கு டிக்கெட். இரண்டு தங்கைகளில் ஒருத்திக்குத்தான் அதுவரை கல்யாணம் முடிந்திருந்தது. துபாய் ரூமில் நாங்கள் முறை வைத்துச் சமைப்போம், சமாளித்துவிடலாம். ரூவி லாட்ஜிலோ வெந்நீர் கெட்டிலைத் தவிர ஒன்றும் கிடையாது.

அதனால் வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் சாப்பாட்டுக் கடை தேடுவதே வேலையாகிவிட்டது. வெளியூரில் நல்ல சாப்பாடு மலிவாக வேண்டுமென்றால் டாக்ஸிக்காரர்கள் சாப்பிடும் இடத்துக்குப் போ என்பார்கள். ரூவியில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் எல்லாம் ஓமானிகள். ஒரு பெரியவரிடம் சைகையும் அரைகுறை இந்தியுமாகக் கேட்டதற்கு, ஆசை ஆசையாகக் கூட்டிப்போய் இறக்கிவிட்டார். அங்கே தாம்பாளம் அகலத் தட்டில் நெய் மினுமினுக்கும் ஆட்டுக்கறிச் சோறு! அவர் மனம் நோகக்கூடாதே என்று இரண்டு வாய் தின்றுவிட்டு அன்று முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தேன். மற்ற கடைகளில் பரோட்டா, பிரியாணி, எண்ணெய் மிதக்கும் குருமா. கடைசியில் குப்பூஸ் ரொட்டியும் லபன் மோரும்தான் கதி என்றானது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. முதல் தடவை வளைகுடாவுக்கு வந்தபோது ஏஜென்ட் காட்டிய விசா ஒன்று, கையில் கிடைத்த வேலை வேறு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது. அதிலிருந்து யாராவது சிரித்துப் பேசினால்கூட இவனுக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் யோசிப்பேன். ஹோட்டலில் உட்கார்ந்தால் எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பேன், மாவு எப்போது பிசைந்தது என்று கேட்பேன். இதற்காகவே சில கடைகளில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

லாட்ஜுக்கு அடுத்து ஒரு பழைய நாலுமாடிக் கட்டடம். ஒரு மத்தியானம் அதன் படிக்கட்டுப் பக்கமாகப் போகும்போது ரச வாசனை வந்தது. சந்தேகமே இல்லை, பெருங்காயமும் சீரகமும் போட்ட நம்ம ஊர் ரசம். அப்படியே நின்றுவிட்டேன். சற்று நேரத்தில் நாலைந்து ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கி வந்தார்கள். வயிறு நிறைந்தவன் முகம் பசித்தவனுக்குத் தெரியாதா? மேலே மெஸ் இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவர் இந்தியில் தெரியாது என்றார், அதற்கு முன்பு பக்கத்தில் இருந்தவரிடம் நல்ல தமிழில் பேசிக்கொண்டு வந்தவர்தான். மற்றவர்கள் காது கேளாதவர்கள் மாதிரி நடந்துவிட்டார்கள்.

கீழே ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் அதிராம்பட்டினம் பக்கத்துப் பாய். அவரிடம் விசாரித்தேன்.

"மெஸ்ஸா? அதெல்லாம் இங்க மாஃபி, கெடையாது தம்பி. நீங்க எங்க வேல பாக்குறீங்க?" என்றார்.

இவர் எதற்கு என் வேலையைக் கேட்கிறார் என்று எனக்குள் மணி அடித்தது. "துபாயிலேர்ந்து வந்திருக்கேன், ஒரு வேலையா" என்று பட்டும் படாமல் சொன்னேன். அத்தோடு விட்டேனா? அந்தக் கட்டடத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி வாங்குவது யார் என்று கேட்டேன். பாய் ஏற்கெனவே சுத்தமாக இருந்த தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம் வலுத்துவிட்டது. வெறும் சோறு போடுகிற இடத்துக்கு இவ்வளவு ஒளிவு மறைவு எதற்கு? சாராயம் விற்கிறார்களோ, சீட்டாட்டமோ, அதைவிட மோசமோ? மத்தியான இடைவேளையில் படிக்கட்டுக்கு எதிரே நின்று நோட்டம் விட்டேன். ஒருநாள் டிபன் கேரியரோடு வந்த ஒருவரின் பின்னாலேயே போனேன். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு இரண்டு தெரு சுற்றிவிட்டு, ஒரு சலூனுக்குள் போய் முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேரியர் மடியில் இருந்தது. மறுநாளிலிருந்து படிக்கட்டில் ரச வாசனை நின்றுபோனது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம், இவர்கள் ஏதோ தப்புக் காரியம்தான் செய்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் வயிறு தகராறு செய்யத் தொடங்கியது. வியாழக்கிழமை இரவு ஒன்றும் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலை இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பினேன். ஜும்மா தொழுகைக்காகக் கடைகள் அடைத்திருந்தன. தொழுகை முடிந்து ஆட்கள் வரத் தொடங்கியபோது, அந்தக் கட்டடத்துக்குள் ஒவ்வொருவராக நழுவுவதைப் பார்த்தேன். அவர்களில் மளிகைக் கடை பாயும் ஒருவர். மெஸ்ஸே கிடையாது என்று சொன்னவர்! வலியையும் மீறி எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று படியேறினேன்.

மூன்றாவது மாடியில் ஒரு கதவுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு செருப்புக்கூட இல்லை, எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்திருந்தார்கள். பெல் அடித்தேன். சத்தம் சட்டென்று நின்றது. திரும்ப அடித்தேன். கதவுக் கண்ணாடியில் யாரோ பார்ப்பது நிழலாகத் தெரிந்தது, ஆனால் கதவு திறக்கவில்லை. மூன்றாம் முறை கையைத் தூக்கும்போது வயிற்றில் கத்தி இறங்கின மாதிரி வலி. அப்படியே படியில் சுருண்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். வெறும் பித்தநீர். சட்டையெல்லாம் வியர்வை. மேனேஜர் முகமும் தங்கை முகமும் மாறி மாறி வந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

உள்ளே ஓர் ஆண் குரல் தாழ்ந்து கேட்டது. "வேண்டாம் தங்கச்சி, நடிப்பா இருக்கும். தொறக்காதீங்க."

கதவு திறந்தது. நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு பெண், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். என்னையும் தரையையும் பார்த்தாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வயித்துல புண்ணா அண்ணாச்சி? எங்க வீட்டுக்காரவுகளுக்கும் இப்படித்தான் வரும். உள்ள வந்து ஒக்காருங்க" என்றாள். திருநெல்வேலிப் பேச்சு.

உள்ளே போனேன். தரையில் பேப்பர் விரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முன்னாலும் தட்டு இல்லை, எல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்தன. பாய் பிசைந்த சோற்றைக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார். சாராய பாட்டிலும் இல்லை, சீட்டுக்கட்டும் இல்லை. சோற்றைத் தின்றுகொண்டிருந்தவர்கள் ஏன் கள்ளன் மாதிரி முழிக்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பெண் குழையக் கரைத்த சோற்றில் மோர் விட்டு, உப்புப் போட்டு, ஒரு பெரிய டம்ளரில் கொண்டுவந்தாள். வாங்கினேனே தவிர குடிக்கவில்லை. இத்தனை நாள் என்னை ஏமாற்றினவர்கள் இன்றைக்கு எதற்கு உபசரிக்கிறார்கள்? செத்துக்கொண்டிருக்கும்போதும் புத்தி எங்கே போகும், முகர்ந்து பார்த்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள். கோபப்படவில்லை. டம்ளரை வாங்கி, அண்ணாந்து உதடு படாமல் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, திருப்பி என் கையில் கொடுத்தாள்.

"எழுதுறத எழுதிக்கோங்க அண்ணாச்சி, நான் வேண்டாம்னு சொல்லல. மொதல்ல வயித்துக்குள்ள கொஞ்சம் எறங்கட்டும்."

குடித்தேன். வயிறு குளிர்ந்தது. டம்ளர் காலியான பிறகுதான் அவள் சொன்னது உறைத்தது. "நான் என்னம்மா எழுதணும்?" என்று கேட்டேன்.

பாய்தான் பதில் சொன்னார். "நீங்க பலதியா ஆளுதானே?"

பலதியா என்றால் நகராட்சி. சாப்பாட்டுக் கடைகளைச் சோதனை போட்டு அபராதம் எழுதுகிறவர்கள். நான் ஒன்றும் புரியாமல் விழிக்க, பாய் என் சட்டைப் பையைக் காட்டினார். கோல்டு ரூம் சூடு பார்க்க நான் எப்போதும் பையில் செருகி வைத்திருக்கும் ஊசி முனைத் தெர்மாமீட்டர். பலதியா இன்ஸ்பெக்டர்களும் அதே மாதிரிதான் ஒன்றைக் கறியிலும் சோற்றிலும் குத்திப் பார்ப்பார்களாம். கழுத்தில் அடையாள அட்டை, தேய்த்த சட்டை, மாவு எப்போது பிசைந்தது, அரிசி யாருக்கு என்று ரூவிக் கடைகளில் நான் கேட்ட கேள்விகள், துபாயிலிருந்து ஒரு வேலையாக வந்தேன் என்ற மழுப்பல். போதாதா? அவர்கள் என்னைப் பார்த்துப் பயந்து ஒளிய, அதைப் பார்த்து நான் சந்தேகப்பட்டுத் துரத்தியிருக்கிறேன்.

"ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குங்க நான்" என்று அட்டையைக் கழற்றிக் காட்டினேன். கட்டடமே அதிரும்படி சிரித்தார்கள். முதுகுக்குப் பின்னால் இருந்த தட்டுகள் முன்னால் வந்தன. பாய் கைக்குள் இருந்த உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. கணவர் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார், சம்பளம் போதவில்லை. இவள் குடும்ப விசாவில் வந்தவள், வீட்டில் சமைத்து விற்க அனுமதி கிடையாது. பிடிபட்டால் அபராதத்தோடு விடமாட்டார்கள், கணவர் வேலையும் போய் மொத்தக் குடும்பமும் ஊருக்குக் கப்பலேறுகிற மாதிரி ஆகிவிடும். போர்டு கிடையாது, தெரிந்தவர் கூட்டி வந்தால்தான் இடம். கேரியர்காரரை நான் சலூன்வரை துரத்திய மறுநாளிலிருந்து அந்த வெள்ளிக்கிழமை வரை அடுப்பே பற்றவைக்காமல் இருந்திருக்கிறார்கள்.

ரூவியில் இருந்தவரை அங்கேதான் சாப்பிட்டேன். எனக்கென்று காரமில்லாமல் தனியாக ஒரு கிண்ணம் எடுத்து வைப்பாள். கோல்டு ரூம் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, ஆபரேஷன் இல்லாமல் துபாய் திரும்பினேன். கிளம்பும் முன் ஒருநாள் கேட்டேவிட்டேன், பலதியா ஆள் என்று நினைத்துக்கொண்டு எப்படிக் கதவைத் திறந்தாய் என்று.

"வாசல்ல ஒருத்தரு சுருண்டு கெடக்காரு. உள்ள இருந்து தின்னா செமிக்குமா அண்ணாச்சி?" என்றாள். சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒரு பாவப்பட்ட தமிழனுக்கு மோர்ச்சோறு கொடுப்பது பெரிய காரியமில்லை, யாரும் செய்வார்கள். அவள் கொடுத்தது தன் குடும்பத்தையே ஊருக்கு அனுப்ப வந்திருக்கிறான் என்று நம்பிய ஒருவனுக்கு. சந்தேகப்படுகிற புத்தி இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் என் சந்தேகம் தீரும்வரை எதிரே நிற்கிறவன் பசியோடு நிற்கட்டும் என்று மட்டும் நான் அதன்பிறகு ஒருநாளும் நினைத்ததில்லை.