பெரியப்பா துபாய் போகாத வருஷம்

மலேசியாப் பெரியப்பா நாலு நாடு சுற்றிவரக் கிளம்புகிறார் என்று சேதி வந்தபோது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூர், இந்தியா, இலங்கை, துபாய். இந்தியாவில் திருப்பதி, எங்கள் அண்ணாமலையார், அப்புறம் கீழ்பென்னாத்தூருக்கு அந்தண்டை இருக்கும் எங்கள் பூர்வீக ஊர். ஊருக்கென்று ஒரே ஒரு காலை வேளைதான் ஒதுக்கியிருந்தார். அதுவே எங்களுக்குப் பெருமை.

பெரியப்பா என்றால் அப்பாவோடு கூடப் பிறந்தவர் இல்லை. தாத்தாவின் அண்ணன் வாலிபத்தில் கப்பலேறி மலேயா போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய மகன்தான் இவர். எங்கள் ஊர் மண்ணை மிதித்ததே கிடையாது. பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவார், அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் கோயில் பக்கம் தேங்காய் பழக் கடை. விமானத்தைக் கிட்டத்தில் பார்க்காதவர், பெரியப்பாவின் பயணத்துக்கு நாள் பார்க்கும் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டார். தினசரி காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனில் பேசுவார்.

“அண்ணா, ஞாயித்துக்கெழம மேற்கே சூலம். அன்னிக்குப் போயி சிங்கப்பூர்லேருந்து மெட்ராசுக்கு ஏறுறீங்களே?”

“டிக்கெட்டு விக்கிறவன் சூலம் பாக்க மாட்டான் தம்பி!” பெரியப்பாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்கும்.

“சரி, ஏறும்போது ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டுக்குங்க. அண்ணிக்கும் குடுங்க.”

சூலத்துக்கு வெல்லம் இருந்தது. வேறொன்றுக்குத்தான் வழியில்லை. ஆடி கடைசித் திங்கட்கிழமை ஊரில் எங்கள் குலதெய்வம் பச்சையம்மனுக்குப் பொங்கல். அன்று பெரியப்பா துபாயில் இருப்பார்.

அந்தப் பொங்கலுக்குப் பங்காளிகள் எல்லாரும் கோயில் முன்னால் வரிசையாக அடுப்பு வைப்போம். மூத்த வழி எதுவோ அவர்கள் அடுப்பில்தான் முதல் நெருப்பு. அந்தப் பானை பொங்கினால்தான் பம்பை அடிப்பார்கள். தாத்தாவின் அண்ணன் கப்பலேறிய பிறகு முதல் அடுப்பு எங்களுடையதாகிவிட்டது. பம்பை எனக்காகவே அடிப்பதுபோலப் பங்காளி வீட்டுப் பெண்கள் முன்னால் நான் நிற்பேன்.

சித்தப்பா அப்பாவைத் தனியாக அழைத்துச் சொன்னார்: “அண்ணா, பொங்கல் நாள அவருகிட்ட சொல்லாத. அவரு பாட்டுக்கு ஒரு காலையில வந்து கும்புட்டுட்டுப் போவட்டும். வந்து நின்னாருன்னா மொத அடுப்பு அவுங்களுது. அப்புறம் காலத்துக்கும் நாம ரெண்டாவதுதான்.”

“கேஸ் அடுப்பத் தவிர எதுனா பத்த வச்சிருப்பாங்களா அவுங்க?” என்றாள் அம்மா.

அப்பா காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். நானோ அண்ணாமலையாரிடம், பெரியப்பா நல்லபடியாகத் துபாய் போய்ச் சேர வேண்டும் என்று மனமுருக வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அப்பா போனை எடுத்தார். காலண்டரை எடுக்கவில்லை.

“அண்ணா, ஆடி கடைசித் திங்கள் அம்மனுக்குப் பொங்கல். மொத அடுப்பு உங்களுது. நீங்க வர வரைக்கும் நாங்க பாத்துக்கினு இருக்கோம், அவ்ளோதான்.”



“எங்களுக்கு அங்க அடுப்பு இருக்கா தம்பி?” என்று பெரியப்பாவின் குரல் மெதுவாகக் கேட்டது. அப்புறம், “துபாய விட்டுடறேன். சிலோன்லேருந்து திரும்பி அங்கயே வந்துடறேன். ஒங்க அண்ணிதான் நகைக் கடையெல்லாம் விசாரிச்சு வச்சிருக்கா, என்னக் கொன்னுடுவா!”

வந்துவிட்டார்கள். பச்சையம்மன் முன்னால் முதல் அடுப்பு அவர்களுக்குப் போனது. பெரியம்மா வைத்த விறகு பற்றவில்லை, புகைதான் வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவளை நகர்த்திவிட்டு அம்மாவே குனிந்து ஊதினாள். தீ பிடித்ததும் கரண்டியைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு, “பொங்கற வரிக்கும் நவுராதீங்கக்கா” என்று சொல்லி எங்கள் அடுப்புக்கு வந்தாள்.

முதல் பானை பொங்கியது. பம்பை அதிர்ந்தது. பெரியப்பா கைகூப்பியபடி குழந்தைபோல அழுதார். நான் பங்காளி வீட்டுப் பெண்கள் பக்கம் பார்க்காமல் நின்றேன். அப்பா தலைகுனிந்திருப்பார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் கைப்பிடித்து இழுத்து, “பாருங்க, எங்க அண்ணன் பானைங்க! எங்க அண்ணன் பானை!” என்று காட்டிக்கொண்டிருந்தார். அந்த முதல் பானை எங்களுடையதாக இருந்தவரை அவர் ஒருவரையும் அப்படிக் கூப்பிட்டுக் காட்டியதில்லை. இரண்டாவது அடுப்பின் பக்கத்தில் நிற்கிற மனுஷனுக்கு அவ்வளவு பூரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குப் புரியவே இல்லை.